மலை தெரிகிற வீடா, மலையடி வீடா? கோவைக்குக் குடிவருகிறவருக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் அத்தை மகன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். சரவணம்பட்டியில் ஓர் ஐ.டி. கம்பெனிக்கு மாற்றல். மனைவி, நாலாவது படிக்கும் பெண், முழங்கால் வலியோடு மாமா என்று வீட்டில் நாலு பேர். "மச்சான், வாடகை முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. பால்கனியில நின்னா மலை தெரியணும். அவ்ளோதான்" என்றான். பெருங்குடியில் எட்டு வருஷமாக எதிர் ஃபிளாட்டின் ஏ.சி. பெட்டியைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தவனுக்கு வரவேண்டிய ஆசைதான்.

ஆனால் கோவையில் மலை தெரியவேண்டும் என்று மட்டும் சொல்லி வீடு தேடினால் புரோக்கர் உங்களை எந்தத் திசைக்கும் கூட்டிப்போகலாம். மேற்கே வெள்ளியங்கிரியும் சிறுவாணி மலைகளும். வடமேற்கே குருடிமலை, அதற்குப் பின்னால் நீலகிரி. தென்மேற்கே மதுக்கரை, வாளையார்க் குன்றுகள். இரவு மழை பெய்து விடிந்த காலையில் பீளமேட்டு மொட்டைமாடியிலிருந்துகூட நீலகிரியின் மடிப்புகளை எண்ணலாம். அடுத்த வாரம் அதே மாடியில் நின்றால் வெறும் புகைமூட்டம். 2011 கணக்கெடுப்பிலேயே சுற்றுப்புறங்களோடு சேர்த்து 21 லட்சம் பேர் இருந்த ஊர் இது. அதே ஆண்டு வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, குனியமுத்தூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஆக எல்லாமே கோவைதான், எல்லாப் பக்கமும் மலைதான். எவ்வளவு பக்கத்தில் மலை வேண்டும், அதற்காக தினமும் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதில்தான் வித்தியாசம்.

நான் வடகிழக்கே, சரவணம்பட்டிப் பக்கம் விளாங்குறிச்சியில் ஐந்து வருஷம் குடியிருந்தேன். இப்போது மேற்கே, மருதமலைப் பக்கம் வடவள்ளியில் பத்தாவது வருஷம் நடக்கிறது. நடுவில் தடாகம் பக்கம் ஒரு மனை வாங்க அட்வான்ஸ் வரை போய்த் திரும்பினேன். கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஊரைக் குறுக்கே கடக்கிற வேதனை மனப்பாடம். அவனுக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

காற்று எங்கே, சாரல் எங்கே

முதலில் ஊட்டி மாதிரி இருக்கும் என்ற நினைப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம்தான். ஏப்ரலில் 36, 37 டிகிரி அடிக்கும், ஃபேன் அனலைத்தான் சுற்றும். ஊர் மாறுவது மே கடைசியில். தெற்கு வடக்காகச் சுவர் மாதிரி நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு நேரே மட்டும் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு திறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்தத் திறப்பு வழியாக நம் பக்கம் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இதே காற்றுதான். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கூட்டர் கண்ணாடியே ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இந்தக் காற்று ஊர் முழுக்க ஒன்றுதான், ஆனால் அது கொண்டுவரும் ஈரம் ஒன்றல்ல. மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவுப் பகுதி. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 600, 700 மி.மீ. மழைதான், சென்னையில் பாதி. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவது. ஆடி மாதத்தில் விளாங்குறிச்சியில் இருந்தபோது எங்களுக்குக் கிடைத்தது மேகமும் புழுதியும்தான். வானம் இருட்டும், துணி எடுக்க மாடிக்கு ஓடுவோம், ஒரு சொட்டு விழாது. வடவள்ளி வந்த முதல் ஜூலையில் நேர்மாறாக நடந்தது. மருதமலைப் பக்கமிருந்து மாவு சலித்த மாதிரி ஒரு சாரல் காலையில் தொடங்கி மதியம் வரை விடவில்லை. குடை பிடிக்கிற மழையில்லை, பிடிக்காவிட்டால் சட்டை நனைந்துவிடும். பெண்ணின் பள்ளிச் சீருடை மூன்று நாள் காயாமல் நாறி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தினோம். தொண்டாமுத்தூர், ஆலாந்துறை என்று இன்னும் மேற்கே போகப்போக அந்தச் சாரல் நிஜ மழையாகிவிடும்.

அதனால் ஊருக்குள் ஒரு துளிகூட விழாத நாளில் நொய்யலில் தண்ணீர் வரும். வெள்ளியங்கிரிச் சரிவில் பெய்தது சித்திரைச்சாவடி அணைக்கட்டைத் தாண்டி விழ, பைக்கில் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். கிழக்கே இருக்கிறவர்களுக்கு அது மொபைலில் வரும் வீடியோ. எங்களுக்குக் கால் மணி நேரத் தூரம். வடவள்ளியில் இருப்பதன் லாபங்களில் நான் முதலில் எழுதுவது இதைத்தான், என் மனைவி சிரித்தாலும் சரி.

வெயில் காலத்திலும் மேற்கே ஒரு சலுகை உண்டு. சூரியன் மலைக்குப் பின்னால் முன்கூட்டியே இறங்கிவிடும், சாயங்காலம் சீக்கிரம் தணியும். பிப்ரவரி தாண்டிவிட்டால் சில இரவுகளில் மலையில் ஒரு சிவப்புக் கோடு நெளிவதையும் பால்கனியிலிருந்து பார்க்கவேண்டி வரும். காட்டுத் தீ. மறுநாள் காலை மாடித் தரையில் கரித்தூள். வீட்டு விளம்பரத்தில் இதை யாரும் போடுவதில்லை.

சிறுவாணியா, பில்லூரா

கோவையில் வாடகை வீட்டு விளம்பரத்தைப் படித்தால் படுக்கையறை எத்தனை என்பதற்கு அடுத்தபடியாக 'சிறுவாணி + போர்' என்று இருக்கும், அதாவது சிறுவாணி அணைத் தண்ணீரும் போர்வெல்லும் உண்டு என்று. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. உள்ளூர்க்காரர்கள் வீட்டைப் பார்க்கும் முன்பே அதைத்தான் கேட்பார்கள். அணை கேரள எல்லைக்குள் இருக்கிறது. 1973இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, தமிழ்நாடு செலவு செய்து கட்டியது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் சாடிவயலுக்கு வந்து, அங்கே சுத்திகரித்து, பெரும்பாலும் தன் சரிவிலேயே ஊருக்கு இறங்குகிறது. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யார் குடித்துப் பார்த்து வரிசை போட்டார்கள் என்று கேட்டுவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள். ஆனால் பருப்பு வேகும் நேரத்திலும் காப்பியின் நிறத்திலும் வித்தியாசம் தெரியும் என்பது நிஜம்.

மேற்குப் பகுதிகளும் பழைய நகரமும்தான் சிறுவாணிக்குப் பழகியவை. சரவணம்பட்டி, துடியலூர், பீளமேடு பக்கங்களுக்கு வருவது பெரும்பாலும் பில்லூர்த் தண்ணீர், அதாவது பவானி ஆறு. அதுவும் நல்ல தண்ணீர்தான், மூன்று கட்டமாகத் திட்டம் விரிந்து இப்போது அளவும் கூடியிருக்கிறது. சிக்கல் எங்கேயென்றால், வேகமாக வளர்ந்த வடகிழக்கில் குழாய் எட்டாத புது அடுக்ககங்கள் இருக்கின்றன. அங்கே போர்வெல் உப்புத் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். விளாங்குறிச்சியில் எங்கள் குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்ததை நான் வினிகர் ஊற்றிச் சுரண்டாத மாதமில்லை. அப்போதெல்லாம் நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை.

மேற்கே இருந்தால் தண்ணீர்க் கவலையே இல்லை என்றும் நினைக்கவேண்டாம். சிறுவாணி அணையின் முழு மட்டம் 49.5 அடி. சமீப வருஷங்களில் பாதுகாப்பைக் காரணம் காட்டி 45 அடிக்கு மேல் தேக்கவிடுவதில்லை. 2017 கோடையில் அணை தரைதட்டியபோது வடவள்ளிக்காரர்களும் லாரிக்குப் பின்னால் ஓடினோம். அந்த வருஷம் ஊரைத் தாங்கியது பில்லூர்தான். ஆக ஏரியாவின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அந்த வீதியில் எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

காலை எட்டே முக்கால்

மலையும் தண்ணீரும் ஒரு தட்டில் என்றால் இன்னொரு தட்டில் மேற்கிலிருந்து ஊருக்குள் நுழையும் லாலி ரோடு சிக்னலை வையுங்கள். தட்டு சமமாகிவிடும்.

கோவையின் வேலை கிழக்கிலும் வடகிழக்கிலும் இருக்கிறது. சத்தி ரோட்டில் சரவணம்பட்டி ஐ.டி. பார்க்குகள், அவினாசி ரோட்டில் டைடல் பார்க், பீளமேட்டுக் கல்லூரிகள், விமான நிலையம். பெரிய மருத்துவமனைகளும் பாதிக்கு மேல் அந்தப் பக்கம்தான். மலை மேற்கில். ஊரின் இந்த அமைப்பு ஒரு தலைமுறையைத் தினமும் காலையில் கிழக்கே ஓட்டி, சாயங்காலம் மேற்கே இழுத்துவருகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல்கள் நடுவில் பச்சையாகக் கிடப்பதால் வடவள்ளியிலிருந்து ஊருக்குள் வர மருதமலை ரோட்டை விட்டால் வழிகள் குறைவு. அந்த வயல்காற்று நுரையீரலுக்கு நல்லது, ஆனால் அந்த வயல்தான் வண்டிகளை எல்லாம் ஒரே சாலையில் அடைத்துத் தள்ளுகிறது.

எட்டே முக்காலுக்கு லாலி ரோடு சிக்னலில் நின்று பாருங்கள். முன்னால் 70ஆம் நம்பர் பஸ், படியில் கல்லூரிப் பையன்கள். பக்கத்தில் பள்ளி வேன், சீருடையில் ஒரு பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு. தர்பூசணி ஏற்றிய ஒரு டாடா ஏஸ். எல்லோரும் வலது பக்கம் திரும்பவேண்டும், போலீஸ்காரர் இடது கையைத்தான் காட்டுகிறார். எனக்குக் கணபதி போக நல்ல நாளில் முப்பத்தைந்து நிமிஷம், மழை நாளில் ஒன்றேகால் மணி நேரம். மழை என்றால் லங்கா கார்னர் பாலத்தடியிலும் பழைய அவினாசி ரோடு பாலத்தடியிலும் தண்ணீர் தேங்கி, ஊர் இரண்டு துண்டாகிவிடும். சரவணம்பட்டி இன்னும் தூரம். வடவள்ளியிலிருந்து ஏறத்தாழ 18 கி.மீ.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. கிழக்கே இருக்கிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. மேற்கே இருந்து கிளம்புகிறவனுக்கு அதன் பலன் பாலத்தை எட்டிய பிறகுதான், எட்டுவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மதுக்கரைப் பக்கமிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கி.மீ. மேற்குப் புறவழிச்சாலை வந்துகொண்டிருக்கிறது. அது முழுதாக வந்தால் மேற்கின் கணக்கு மாறும், மேற்கின் வாடகையும் மாறும்.

விளாங்குறிச்சி, சரவணம்பட்டி, காளப்பட்டியின் முழு நியாயமும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கும். வேலை பத்து நிமிஷத்தில். பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிவந்து இன்னொரு காப்பி குடித்துவிட்டு ஆபீஸ் போகலாம். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, அதிகாலை விமானம், நெஞ்சுவலி, எல்லாவற்றுக்கும் பக்கம். ஆனால் சத்தி ரோட்டின் நெரிசல் வடவள்ளிக்காரன் பரிதாபப்படும் அளவுக்கு இருக்கிறது. ஐ.டி. சம்பளத்தைக் கணக்குப்போட்டு வாடகையை ஏற்றிவைத்திருக்கிறார்கள். மரம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. மலை? ஆறாவது மாடி எடுத்தால் வடக்கே நீலகிரி நீலமாகத் தெரியும். பக்கத்து மனையில் ஏழு மாடி வரும் வரை.

மேற்கின் சாலைக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. தைப்பூசத்துக்கும் கிருத்திகைக்கும் மருதமலைக் கூட்டம், மகா சிவராத்திரிக்கு ஈஷா போகும் வண்டிகள், பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள், ஞாயிறுதோறும் கோவைக் குற்றாலம் தேடி வருகிறவர்கள். அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள், எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்.

அடிவாரத்தில் வில்லா

இனி அட்வான்ஸ் வரை போய்த் திரும்பிய கதை. மலை தெரிந்தால் போதாது, தொடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக ஒரு சந்தை இருக்கிறது. தடாகம், ஆனைகட்டி ரோடு, நரசீபுரம், ஆலாந்துறை. வழவழ காகிதத்தில் அச்சடித்த படத்தில் பனிமூட்டம், ஊஞ்சல், வெள்ளைத்தோல் குடும்பம் ஒன்று. ஊருக்குள் ஒன்றரை சென்ட் வாங்கும் காசுக்கு அங்கே ஐந்து சென்ட் என்றார்கள். நானும் மனைவியும் மூன்று ஞாயிறு போய்வந்தோம். நான்காவது முறை, சின்னத்தடாகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் "ராத்திரி வந்து தங்குங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரை இருக்கும். அவர் மொபைலில் டிங் டிங் என்று நாலைந்து செய்தி. எழுந்து கேட்டைப் பூட்டி, வெளி விளக்கை மட்டும் எரியவிட்டு, எங்களை உள்ளே வரச்சொன்னார். பதற்றமே இல்லை, மழைக்கு ஜன்னல் சாத்துகிறவர் மாதிரி செய்தார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்து வாழைத்தோப்பில் ஒரு சத்தம். ஈரத்துணியை நீளமாகக் கிழிப்பதுபோல். நின்றது. மறுபடியும். வாழைமரம் உரிபடும் சத்தம் அது என்று அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். "அரிசியும் தவிடும் மட்டும் சமையல்கட்டுல வச்சுக்க மாட்டமுங்க. வாசத்துக்குச் சுவத்தையே தள்ளிப்போடும்." தூரத்தில் வனத்துறை ஜீப்பின் விளக்கு, வெடிச் சத்தம் ரெண்டு. பிறகு தவளைச் சத்தம் மட்டும். காலையில் போய்ப் பார்த்தபோது பதினேழு மரம் சாய்ந்திருந்தது, மண்ணில் சுளகு அகலத்துக்குத் தடம். என் பெண் அதில் தன் இரண்டு காலையும் வைத்து நின்றாள். படம் எடுக்கத் தோன்றவில்லை.

யானை ஊருக்குள் வரவில்லை, ஊர்தான் யானைக்குள் போனது என்று எல்லா டீக்கடையிலும் பேசுவார்கள். பேசிவிட்டு மனை விற்கவும் செய்வார்கள். மலையடியை ஒட்டி வடக்கும் தெற்குமாகப் போய்வரும் யானைக் கூட்டங்களுக்கு அந்தத் தடாகம் பள்ளத்தாக்கு நடைபாதை. 2019 ஜனவரியில் பெரிய தடாகம் பக்கத்தில் சின்னத்தம்பி என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்த யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. இறங்கி நடந்து உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து, பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு கரோலில், அதாவது யானையைப் பழக்கும் மரக்கூண்டில், அடைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேல் இருந்த செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. மண் தோண்டிய பள்ளங்கள் இன்னும் அப்படியே. சில பள்ளங்களின் ஓரம்தான் அந்த வில்லா விளம்பரத்தில் 'இயற்கை எழில்' என்று இருந்தது.

யானை மட்டுமென்றில்லை, பன்றியும் மயிலும் அன்றாடம். சிறுத்தை எப்போதாவது, அதற்கு அடிவாரம்கூடத் தேவையில்லை. 2022 ஜனவரியில் குனியமுத்தூர் பி.கே. புதூரில் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை புகுந்து, நாள்கணக்கில் காத்திருந்து கூண்டில் பிடித்தார்கள். பாலக்காடு ரோட்டு நெரிசலுக்கு மிகப் பக்கத்தில்.

பிறகு காகிதம். மேற்கு அடிவார ஊர்கள் பலவும் 'ஹாக்கா' என்று எல்லோர் வாயிலும் புழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே மனைப்பிரிவு போடவும் வீடு கட்டவும் சாதாரண அனுமதி போதாது. எனக்கு மனை காட்டியவர் பட்டா இருக்கிறது, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். ஹாக்கா என்றதும் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. வங்கியில் வேலை செய்யும் நண்பர் கோப்பைப் புரட்டிவிட்டு, "கடன் வராதுங்க, வாங்கினா உங்க ரிஸ்க்" என்றார். அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது.

நிலத்தில் பாடுபட்டுப் பழகியவர்கள், வெள்ளாமை பார்க்கிறவர்கள், ராத்திரி ஏழுக்கு மேல் வெளியே போகவேண்டாத வாழ்க்கை உள்ளவர்கள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் ஐ.டி. ஆளுக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி தேவைப்படலாம் என்ற வயசில் இருக்கும் மாமாவுக்கும் அது இடமல்ல. வாடகைக்கும் வேண்டாம் என்பேன்.

யாரும் சொல்லாத இரண்டு இடங்கள்

இந்த இழுபறியில் துடியலூர்ப் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேட்டுப்பாளையம் ரோடு, அழகான ரோடு இல்லை. தொழிற்சாலைகளும் வொர்க்‌ஷாப்புகளும் ஹார்டுவேர் கடைகளும். ஆனால் வெள்ளக்கிணறு வழியாகச் சரவணம்பட்டிக்குக் குறுக்குச் சாலை இருக்கிறது, ஊருக்குள் நுழையாமலே ஆபீஸ் போய்விடலாம். கவுண்டம்பாளையம் மேம்பாலம் வந்த பிறகு சாய்பாபா காலனிப் பக்கத்து மருத்துவமனைகளும் கிட்டே வந்துவிட்டன. மாமாவின் முழங்காலுக்கு அது முக்கியம். பால்கனி மேற்குப் பார்த்ததாக அமைந்தால் குருடிமலை முழு உருவத்தோடு நிற்கும், வடவள்ளியில் தெரிவதைவிடக் கம்பீரமாக என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊட்டிக்கும் அதே ரோடுதான். ரோட்டுக்கு மேற்கே நகர நகர மறுபடி யானை எல்லை வந்துவிடும், அதனால் கிழக்குப் பக்கமாகவே பாருங்கள்.

இன்னொன்று தென்மேற்கே கோவைப்புதூர். கொஞ்சம் மேடு, திட்டமிட்டுப் போட்ட வீதிகள், நிழல், பாலக்காட்டுக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம். ஓய்வுபெற்றவர்களுக்குச் சொர்க்கம். சரவணம்பட்டி வேலைக்கு மட்டும் நினைத்துப் பார்க்காதீர்கள், ஊரை மூலைக்கு மூலை கடக்கவேண்டும். உக்கடம் மேம்பாலம் வந்தும் அது நீண்ட பயணம்தான்.

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர்? வாடகை கொஞ்சம் கைக்கு அடங்கும், திருச்சி ரோடு வசதி, குளத்தில் பறவைகள் வரும். மலைக்காகத் தேடுகிறவனுக்கு அங்கே வேலையில்லை.

மலைக்கு எத்தனை தடவை போவீர்கள்

அத்தை மகனுக்கு ஒரு கேள்வி கேட்டேன். "பக்கத்துல இருக்குன்னு மாசத்துக்கு எத்தனை தடவை மலைக்குப் போவ?" "வாரா வாரம்" என்றான். எல்லோரும் முதல் வருஷம் அப்படித்தான் சொல்கிறோம். ஊட்டி இங்கிருந்து 85 கி.மீ. சொச்சம். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்துத்தான் போகவேண்டும். மேட்டுப்பாளையத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும், பிறகு குன்னூர் ரோட்டில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு முழுக்க முன்னால் போகும் பஸ்ஸின் புகை. வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து நாற்பது வளைவு. போன வருஷம் நாங்கள் ஊட்டிக்குப் போனது ஒரே தடவை, அதுவும் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்காக. ஆனால் மருதமலைப் படியில் மாதம் இரண்டு தடவையாவது ஏறிவிடுகிறேன். அது காலை ஆறு மணிக்கு, ஏழரைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால்.

என் அனுபவத்தில், நிஜமாகப் பயன்படும் மலை அரை மணி நேரத்துக்குள் இருக்கும் மலைதான். அதைத் தாண்டிய மலைக்கு நீங்கள் பெங்களூரில் இருந்தாலும் ஒன்றுதான், கோவையில் இருந்தாலும் ஒன்றுதான். இந்தக் கணக்கில் வடவள்ளிக்கு முதலிடம். துடியலூர் அடுத்து. சரவணம்பட்டியிலிருந்து மலை ஒரு சுற்றுலா.

இதையெல்லாம் வைத்து அவனுக்குச் சொன்னது: வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸ் என்றால் துடியலூர், வெள்ளக்கிணறு. வீட்டிலிருந்தே வேலை மூன்று நாளாவது உறுதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வடவள்ளி. சரவணம்பட்டியில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வீடு எடுத்து, அங்கிருந்தபடியே நிதானமாகத் தேடுவதும் தப்பில்லை, நான் அப்படிச் செய்துதான் விளாங்குறிச்சியில் ஐந்து வருஷம் கிடந்தேன். எந்த வீடானாலும் இரண்டு முறை பார்க்கச் சொன்னேன். ஒன்று வேலை நாளில், காலை எட்டே முக்காலுக்கு அங்கிருந்து ஆபீஸ் வரை ஓட்டிப் பார்ப்பது. இன்னொன்று காற்றுக் காலத்தில் சாயங்காலம் போய் மேற்கு ஜன்னலைத் திறந்து பார்ப்பது, அந்த ஜன்னல் கதவு தாங்குகிறதா என்று. அப்படியே எதிர் வீட்டு அம்மாவிடம் தண்ணீர்.

எல்லாம் கேட்டுக்கொண்டான். துடியலூர் என்று முடிவாகி, வெள்ளக்கிணறு பிரிவில் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தேன். முந்தாநாள் மாமாவே கூப்பிட்டார். "மாப்ள, மருதமலை அடிவாரத்துல பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் பக்கமா லிஃப்ட் உள்ள வீடு ஏதாச்சும் இருக்குதா? முழங்கால் எப்படியும் வலிக்கத்தான் போகுது. வலிக்கிற கால் முருகன்கிட்ட போயாச்சும் வலிக்கட்டுமே" என்றார். வர வெள்ளிக்கிழமை சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்களாம். இரண்டு வீட்டுச் சாவியையும் வாங்கி வைத்திருக்கிறேன்.